ஈறு நிறத்தில் ஒரு குரோட்டன்ஸ்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் பல்செட்காரர். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், பொய்ப்பல் செய்யும் சின்னக் கூடம் அவருடையது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அச்சு எடுத்து, மெழுகில் வடிவம் பார்த்து, பீங்கான் மாவைக் குழைத்து, சின்ன அடுப்பில் சுட்டுப் பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். அது யாருடைய வாய்க்குப் போகிறது என்று இவருக்குத் தெரியாது. வாய்க்கு உரியவருக்கும் இவரைத் தெரியாது.

வெள்ளை என்பது நமக்கெல்லாம் ஒரு நிறம். அவருக்கு அது ஒரு பெரிய குடும்பம். டீ குடிக்கிறவர் வெள்ளை, புகை பிடிக்கிறவர் வெள்ளை, நாற்பதைத் தாண்டியவர் வெள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாகத் தேய்த்து வெளுக்க வைத்த வெள்ளை என்று அதில் ஏகப்பட்ட உறுப்பினர்கள். மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகி வைத்த ஒரு பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒட்ட வைத்த பல் பக்கத்துப் பல்லோடு கலந்து காணாமல் போய்விட வேண்டும். அதுதான் தொழில். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட மாடியேறி வந்து "பிரமாதம்" என்று சொன்னதில்லை. பிறர் கண்ணில் பட்டுப் பாராட்டு வருகிறது என்றால் வேலை கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

இப்படி ஒளிந்தே வாழ்ந்த மனிதருக்கு, ஐம்பது வயதுக்கு மேல், ஊர் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் அவருடைய சகலை.

சகலை என்றால் மனைவியின் அக்காள் கணவர். பெரிய டைல்ஸ் கடை வைத்திருப்பவர். உரக்கப் பேசுவார், அதைவிட உரக்கச் சிரிப்பார். சிரிக்கும்போது முன்னால் தெரியும் இரண்டு மேல்பற்கள் பல்செட்காரர் செய்தவை. ஒருநாள் கடையில் கால் வழுக்கித் தன் டைல்ஸிலேயே முகம் குப்புற விழுந்தார் சகலை. "வெளியே மூச்சு விடக் கூடாது" என்ற நிபந்தனையோடு வந்து கட்டிக்கொண்டு போனார். இவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சகலை தன்னைக் கிண்டல் செய்யும்போதெல்லாம், தான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய அந்த இரண்டு பற்களும் முதலில் வெளியே வந்து நிற்பதைப் பார்ப்பது அவருக்கு அவ்வளவு சுகமாக இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான். சகலை கேட்டைத் திறந்ததும் திறக்காததுமாக நின்றுகொண்டு சொன்னார்.

"என்ன சகலை, வீட்டு முன்னாடி ஒரே பச்சையா இருக்கு? மாட்டுக்குப் போடறதுக்கு வளர்க்கற மாதிரி."

வீட்டு முன்னால் இருந்தவை மனைவி வைத்த செடிகள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் மாலை வரை யாரையும் தொந்தரவு செய்யாத செடிகளாகப் பார்த்து வைத்திருந்தாள். எல்லாம் பச்சை. நடுவில் ஒரு நந்தியாவட்டை மட்டும் வெள்ளையாகப் பூக்கும். வெள்ளையைத்தான் அவர் வேலையிடத்தில் வயிறு முட்டப் பார்க்கிறாரே.

சகலை போன பிறகு மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அக்கா வீட்டுல போன வாரம் வீடியோ எடுத்து அனுப்பினா. சிவப்பு, மஞ்சள், ஊதான்னு கண்ணே கூசுது. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுக்கறாங்களாம்."

"யார் நின்னு எடுத்தா?"

"அக்கா சொன்னா."

"உங்க அக்கா சொன்னதா? சரி."

சரி என்று சொன்னாரே தவிர, சரியாகவில்லை. அவள் சொன்ன தொனியில் பொறாமை இருந்தது. தன் பச்சைச் செடிகளுக்காகப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ அக்காவை முந்துவதென்றால் அவை அத்தனையையும் வேரோடு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவை பிடுங்கப்பட்டு, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றன.

இருவரும் நர்சரிக்குப் போனார்கள். அதை நடத்தும் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாடிக்கையாளரை எடை போட்டுவிடுவாள். செடியைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்கள் ஒரு செடி வாங்குவார்கள். சகலையைப் பற்றியோ பக்கத்து வீட்டைப் பற்றியோ பேசுகிறவர்கள் வண்டி நிறைய வாங்குவார்கள். பல்செட்காரர் வந்ததும் வராததுமாக, "டைல்ஸ் கடைக்காரர் இங்கதான் வாங்கினாராமே, என்ன வாங்கினார்?" என்று கேட்டார். அம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அவர் வாங்கினது கோல்டன் பிரின்ஸ்னு ஒரு குரோட்டன்ஸ் சார்."

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

அம்மாள் அதே வரிசையில் இன்னும் இரண்டு அடி நடந்து, அதே குரோட்டன்ஸில் கொஞ்சம் உயரமான ஒன்றைக் காட்டினாள். "இது கோல்டன் எம்பரர்."

அந்தப் பெயர் அந்த நிமிஷத்தில் பிறந்தது என்பது பக்கத்தில் நின்ற பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பல்செட்காரர் பக்தியோடு அந்தச் செடியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையில் கட்டினாள். இதய வடிவத்தில் இளஞ்சிவப்பு இலை விடும் கெலேடியம், வெல்வெட் துணி மாதிரி கோலியஸ், கத்தி கத்தியாகச் சிவந்து நிற்கும் ஒன்று, தகதகவென்று காகிதப்பூ. இவர் சட்டைப் பையிலிருந்து தன் மாதிரிப் பல் பட்டையை எடுத்துச் செடிகளுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. "பழக்க தோஷம்" என்று அம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

"கலருக்கு வெயில் வேணும். வீட்டுக்கு வெயில் வருமா சார்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள் அம்மாள்.

"எங்க வீட்டுக்கு வராம வெயில் எங்க போகும்?" என்றார்.

வெயில் எங்கே போகும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிரே எழுந்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும். அதன் பால்கனிகளில் காயும் துணிகள் எல்லாவற்றையும் தடவிவிட்டு, மிச்சமிருந்தால் மாலையில் இவர் வீட்டு மொட்டை மாடியைத் தொட்டுவிட்டுப் போகும். கீழே, வீட்டு முன்னால், எப்போதும் ஒரு குளிர்ச்சியான நிழல். அதை வீடு வாங்கும்போது ஒரு நன்மையாகச் சொல்லி வாங்கியவரே இவர்தான். ஆனால் கடைக்காரி முன்னால், அதுவும் சகலையின் பெயர் அடிபட்ட இடத்தில், எங்கள் வீட்டுக்கு வெயில் இல்லை என்று ஒப்புக்கொள்வது தரித்திரத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது.

நடும்போது அவர் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டிலிருந்து பார்த்தால் தோட்டம் சிரிக்க வேண்டும் என்றார். நடுவில் இரண்டு பெரிய குரோட்டன்ஸ், அவற்றுக்கு இருபுறமும் கொஞ்சம் சின்னவை, அப்புறம் கூராக நிற்கும் அந்தக் கத்திச் செடி பக்கத்துக்கு ஒன்றாக, கடைசியில் அகலமாகக் கோலியஸ். மேல்வரிசைப் பல்லை அப்படியே மண்ணில் இறக்கிவிட்டார். ஒரு வாரம் தெருவில் போகிறவர்கள் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தினார். பிறகு செருப்பு அறுந்ததைச் சரி செய்துகொண்டு போய்விட்டார். அதையும் இவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பிறகு செடிகள் வேலையைக் காட்ட ஆரம்பித்தன. காகிதப்பூ இருந்த பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு முள்ளை மட்டும் வைத்துக்கொண்டது. கெலேடியம் ஒரு மழைக்கு ஈர அப்பளம் மாதிரி மடிந்து மண்ணோடு படுத்தது. கோலியஸ் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டது. சக்கரவர்த்தி குரோட்டன்ஸ் மட்டும் சாகவில்லை. புதிது புதிதாக இலை விட்டது. கொழுத்த, பளபளப்பான, நல்ல ஆரோக்கியமான இலைகள். ஒவ்வொன்றும் பச்சை.

"மறுபடியும் பச்சைதானா?" என்றாள் மனைவி.

"இப்பதான் பிடிச்சிருக்கு. கலர் வரும்."

"எப்போ?"

"வரும்னு சொல்றேன்ல."

வரவில்லை. வந்தது போன்தான். அக்காவும் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார்களாம். உங்கள் தோட்டத்தைப் பற்றி நீ சொன்னதிலிருந்து மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை என்றாளாம் அக்கா. மனைவி என்ன சொல்லி வைத்திருந்தாள் என்று இவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்டில் நின்று அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மதியம், தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில், பல்செட்காரர் மாடிக் கூடத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். பொய்ப்பல்லுக்குக் கீழே ஈறும் பொய்தான். அதற்கு நிறம் கொடுக்க அவரிடம் பலவிதமான செந்நிறப் பொடிகள் இருந்தன. ஈறில் நரம்பு ஓடுவது மாதிரி காட்ட, நூலைவிடச் சன்னமான சிவப்பு இழைகளும் உண்டு. மனைவியின் நிறமில்லாத நெயில் பாலிஷில் பொடியைக் குழைத்தார். ஒற்றை மயிர்த் தூரிகையை எடுத்து, ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நடுவில் இருந்த குரோட்டன்ஸின் முதல் இலையில் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல இழுத்தார்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"இந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்றாள். உள்ளே போய் இன்னொரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்து வைத்தாள்.

மாலைக்குள் கேட்டிலிருந்து தெரியக்கூடிய இலைகள் எல்லாம் தயார். இளஞ்சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் அடர்த்தி, நடுவில் சன்னமான ரத்தக் கோடுகள். இயற்கை வெட்கப்பட வேண்டும். மற்ற இடத்தில் நர்சரியிலிருந்து பூத்த தொட்டிகளாக வாங்கி வந்து, தொட்டியோடு மண்ணில் புதைத்தார். அந்த அம்மாள் இம்முறையும் எதுவும் கேட்கவில்லை. செடியைச் சாகடிக்கும் வாடிக்கையாளரைக் கைநழுவ விடாத அனுபவசாலி.

மறுநாள் சகலை கேட்டைத் திறந்தார். சிரிக்கத் தயாராக வாய் பாதி திறந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"இது என்ன செடி சகலை?"

"குரோட்டன்ஸ்தான். எம்பரர்."

"இந்தக் கலர்ல நான் பார்த்ததே இல்லையே."

"நிறைய பேர் பார்த்ததில்லைன்னுதான் சொல்றாங்க."

அக்கா மூக்கைச் சுருக்கினாள். "என்னடி ஒரு மாதிரி வாசனை வருது? நெயில் பாலிஷ் மாதிரி."

"புது உரம் அக்கா" என்றாள் தங்கை, கண் இமைக்காமல். கணக்கு டீச்சர் என்றால் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்திருந்த பல்செட்காரர் அவளைப் புதிதாகப் பார்த்தார்.

சகலை குனிந்தார், நிமிர்ந்தார், சுற்றி வந்தார். அந்த இரண்டு பற்களும் வெளியே வரவேயில்லை. சாப்பிடும்போதும் பேச்சு குறைவு. தன் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒரு மதியம் இருந்ததாக இவருக்கு நினைவில்லை. கிளம்பும்போதுதான் ஆபத்து வந்தது.

"ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்க சகலை. எங்க வீட்டுல நட்டுப் பார்க்கறேன்."

"இப்ப ஒடிச்சா பிடிக்காது."

"குரோட்டன்ஸ் எப்ப ஒடிச்சாலும் பிடிக்கும். எனக்குத் தெரியாதா?"

மறுக்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிளையை ஒடித்தார். விறைத்துப் போன இலைகள் கிளையில் சடசடவென்று சத்தம் போட்டன. "ரகமே கொஞ்சம் கெட்டி" என்றார். ஈரத் துணியில் சுற்றிக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனார் சகலை.

அன்றிலிருந்து பல்செட்காரரின் நிம்மதி போயிற்று. பல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தக் கிளை ஞாபகம்தான். பூசிய இலை உதிரும். புது இலை வரும். சகலை வீட்டில் வெயில் கொட்டுகிறது, அதனால் நிறமும் வரும். ஆனால் அந்த ரகத்துக்கு மஞ்சளும் சிவப்பும்தான் வரும். ஈறு நிறம் வராது. சாயம் வெளுத்துவிடும். சொந்தக்காரர் கூட்டத்தில் சகலை எழுந்து நின்று உரக்கச் சொல்வார். இவர் செய்து கொடுத்த பல்லாலேயே சொல்வார்.

பூசி மெழுகக் காரணங்களைத் தேடி வைத்தார். மண் வேறு, தண்ணீர் வேறு, உரம் வேறு. ஒவ்வொன்றையும் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். "மண்ணுன்னே சொல்லுங்க. மத்தது நிக்காது" என்று அவள் திருத்திக் கொடுத்தாள்.

ஒருநாள் சகலையின் போன் வந்தது. இவர் மண்ணைப் பற்றி ஆரம்பிக்க வாய் திறந்தார்.

"கிளை பிடிச்சிருச்சு சகலை. புது இலை விட்டிருக்கு."

"அப்படியா. கலர்?"

"கலரா? அதே ரோஸ்தான். உங்க வீட்டைவிட நல்லா வந்திருக்கு."

பல்செட்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பொய். பச்சைப் பொய். ஆனால் அதைப் பொய் என்று சொல்ல உலகத்தில் உரிமை இருந்த ஒரே மனிதர், சொன்னால் தானும் மாட்டிக்கொள்ளும் மனிதராகவும் இருந்தார். "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"வந்து பாருங்களேன்" என்றார் சகலை. சொன்ன பிறகு அவருக்கே ஏன் சொன்னோம் என்று தோன்றியிருக்க வேண்டும். குரல் சற்று இறங்கியது.

இவர் விடுவாரா? கொஞ்ச நாள் கழித்து மனைவியை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போனார். சகலை வீட்டு வாசலில் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய மேடை, அதன் மேல் பெரிய தொட்டி, தொட்டியில் அந்தச் செடி. இளஞ்சிவப்பாக இருந்தது.

ஒரு நிமிஷம் இவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தன் பூச்சு வேர் வரை இறங்கிவிட்டதோ? கிட்டே போனார். வெள்ளையிலேயே அத்தனை வெள்ளை பார்த்த கண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நிறம் ஒரு படி அதிகம். தூரிகை அகலம். இலை ஓரத்தில் வழிந்து, காய்ந்து, சொட்டாக நின்றிருந்தது. டைல்ஸுக்கு நடுவே இடுக்கை அடைக்கும் கலர்ப் பொடி. ஒரு இலையை மெதுவாகத் திருப்பினார். அடியில் மஞ்சளும் சிவப்புமாக அருமையான குரோட்டன்ஸ் ஒன்று பூச்சுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

சகலை பார்வையை டைல்ஸ் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நல்ல வெயில் இங்க" என்றார் பல்செட்காரர்.

"ஆமா. வெயில்தான்."

"ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்களேன். எங்களுது கொஞ்சம் டல்லாயிருச்சு."

"இப்ப ஒடிச்சா பிடிக்காது சகலை" என்றார் அவர், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

திரும்பி வரும் வழியில் சிக்னலில் வண்டி நின்றதும் மனைவி, "நீங்க பண்ணினதுதான் சுத்தமா இருந்துச்சு. மாமா ஓரமெல்லாம் வழிய விட்டுட்டார்" என்றாள். பச்சை விளக்கு விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும் வரை அவருக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்தை மறந்துபோனார். கூடத்தில் வேலை குவிந்து கிடந்தது. பூசிய இலைகள் உதிர்ந்தன. புதைத்த தொட்டிகள் காய்ந்தன. மாதங்கள் ஓடி, சூரியன் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, எதிர்க் குடியிருப்புக்கும் அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இருந்த சந்து வழியாகக் காலை வெயில் இவர் வீட்டு வாசலில் நேராக விழ ஆரம்பித்தது. இவர் அதற்குள் கூடத்துக்குப் போயிருப்பார். மனைவி பள்ளிக்கூடத்துக்கு. யாரும் பார்க்காமலேயே, யாருடைய தயவும் இல்லாமலேயே, குரோட்டன்ஸ் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, நரம்பெல்லாம் நெருப்புக் கோடாகச் சிவந்து நின்றது.

ஒரு விடுமுறை நாளில்தான் அவர் கண்ணில் பட்டது. மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ ஏதாவது பூசினியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு இலையைத் துடைத்துப் பார்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அந்த இலையின் முன்னால் அவர் ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

அதே வாரத்தில் ஒரு மாலை சகலை அந்தப் பக்கம் வேலையாக வந்தவர் எட்டிப் பார்த்தார். வழக்கம்போல வாசலில் நிழல். வெயில் வந்துபோன சுவடே இல்லை. சகலை எதிர்க் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார், செடியைக் குனிந்து பார்த்தார். வீட்டுக்குள் பெண் குரல் கேட்கிறதா என்று கவனித்துவிட்டு, பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி இவர் கேட்டதில்லை.

"தப்பா நினைக்காதீங்க சகலை. இந்தத் தடவை கொஞ்சம் ஓவரா பூசிட்டீங்க."

பல்செட்காரர் வாய் திறந்தார். காலை வெயில், சந்து, ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. சொன்னால் சகலை நம்பமாட்டார் என்பது ஒருபுறம். தானாக வந்த நிறத்தைக் காட்டிப் பெருமைப்பட அதில் தன் கைவேலை என்ன இருக்கிறது என்பது இன்னொரு புறம்.

"ஆமா சகலை. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார்.

"வழியாம எப்படிப் பூசறீங்க? எனக்கு ஓரத்துல நிக்கவே மாட்டேங்குது."

"தூரிகை மாத்தணும். வாங்க, உள்ள வந்து உட்காருங்க, சொல்றேன்" என்று பல்செட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.